வானத்தைப் பார்த்த பானெட்

எங்கள் அம்பாசிடரின் கழுத்தை மாமா அறுத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

காலையில் மதரஸாவில் ஓதிவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. சுனாமிக்கு மறுவருஷம். ஓலைக் கொட்டகையில் எப்போதும் போலக் கார் நின்றிருந்தது. ஆனால் பானெட் எப்போதும் போல இல்லை. அதுநாள்வரை நான் பார்த்த பானெட், ஒரு ஆள் தலையை நுழைக்கிற அளவுக்கு வாயைத் திறந்துவிட்டு, இதற்கு மேல் என்னால் ஆகாது என்று நின்றுவிடும். அன்றைக்கு அது நட்டுக்குத்தலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரையில் பழைய கீல்கள் இரண்டும் அறுபட்டுக் கிடந்தன. பக்கத்தில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெட்ரோல் வண்டி என்கிற நினைப்பே இல்லாமல் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது அத்தாவின், அதாவது என் அப்பாவின் கார். அத்தா ஷார்ஜாவில் இருந்தார்.

போவதற்கு முன் அத்தா மரக்காணத்தில் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். அனுமந்தையில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தாலும், இங்கே யாராவது மாப்பிள்ளை ஆனாலும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். எனக்கு மூன்று வயதாகும்போது கிளம்பிப் போனவர், திரும்பி வந்து அதே காரை ஓட்டுவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். அதனால் கார் சாகக் கூடாது. அதைச் சாகவிடாமல் வைத்திருப்பது அம்மாவின் வேலை.

உப்பளத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத்தான் இந்த வேலையின் அருமை தெரியும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே பாத்திகள், அதற்கப்பால் கடல். அந்தக் காற்றில் இரும்பு என்று எதை வைத்தாலும் தின்றுவிடும். ஜன்னல் கம்பி, சைக்கிள் மணி, அம்மாவின் தையல் மிஷின் எதுவும் தப்பவில்லை. காரைத் தினமும் கிளப்பி உறுமவிட வேண்டும். தண்ணீர் பார்க்க வேண்டும். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சுரண்டிவிட்டுக் கிரீஸ் தடவ வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. லுஹர் பாங்கு சொன்ன பிறகு பானெட்டைத் திறக்கவே கூடாது. காலையில் கரையிலிருந்து வருகிற காற்று சாது. பகல் தொழுகை நேரத்தில் அது திரும்பிக் கடலிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும், உப்பை அள்ளிக்கொண்டு. இந்தச் சட்டத்தைப் போட்டவர் அத்தா. ஆரம்பத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை போனிலும் இதை ஒப்பிக்கச் சொல்வாராம். பிறகு பிறகு, “கார் நல்லாருக்குதா?” என்பதோடு நின்றுபோனது. அம்மா மட்டும் ஒருநாளும் மீறவில்லை. பாங்கு சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துவிடுவாள், பானெட் மூடியிருக்கிறதா என்று ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள்.

அம்மா குள்ளம். பேட்டரியோ உள்ளே, கண்ணாடிக்குக் கீழே கடைசி மூலையில். முக்காலியில் ஏறி, இடுப்பு வரைக்கும் காருக்குள் போனால்தான் கை எட்டும். தெருப் பெண்கள் அவளை டிரைவரம்மா என்று கேலி செய்வார்கள். அவளும் ஹாரன் அடிப்பது போல வாயால் ஒரு சத்தம் எழுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மாமா கீலை அறுப்பதற்கு முந்தின வாரம், துருப்பிடித்த முட்டுக்கம்பி நழுவிப் பானெட் அவள் மேல் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். தொம்மென்ற சத்தம் கேட்டது. அம்மாவின் பாதி உடம்பு காருக்குள், பாதி வெளியே. அவளே முதுகால் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மணிக்கட்டு கிழிந்து ரத்தம் ஓடியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு, மறுபடி முக்காலியில் ஏறி, மிச்சமிருந்த ஒரு முனைக்கும் கிரீஸ் தடவிவிட்டுத்தான் இறங்கினாள்.

“அத்தாகிட்ட சொல்லாத. பயந்துருவாரு” என்றாள். அத்தாவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

மாமா கிரில் பட்டறையில் கேட் செய்கிறவர். அக்காவின் மணிக்கட்டில் இருந்த துணிக்கட்டைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அதன் விளைவுதான் நான் பார்த்த கொலை.

“கேட்டு முழுசா தெறக்குது, பீரோ முழுசா தெறக்குது. இது மட்டும் இன்னாக்கா பாதியில நிக்குது? நீளமா புதுக் கீல் போட்டுட்டேன். ஏறிப் பாரு. ஏறக்கூட வாணாம், நின்னே பாரு” என்றார் மாமா.

அம்மா வாயில் கை வைத்து நின்றாள். பிறகு பக்கவாட்டில் போய் நின்று கையை நீட்டினாள். பேட்டரி எட்டியது. முக்காலி இல்லாமல், குனியாமல் எட்டியது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“டேய், உங்க மச்சான் பார்த்தா என்னைக் கொன்னுடுவாருடா. வண்டியில ஒரு கோடு விழுந்தாலே சோறு இறங்காதே அவருக்கு.”

“அவரு வர்றதுக்குள்ள பழைய கீலையே மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் உன் கை ஒடியாம இருக்கட்டும்.”

அந்த வெள்ளிக்கிழமை போனில், “கார் நல்லாருக்குதுங்க” என்று அம்மா ஜன்னல் வழியாகப் பானெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவு பெரிய பொய்யை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. பொய்யில்லைதான். கார் முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. அம்மா இப்போது பிளக்கைக்கூடக் கழற்றித் துடைத்தாள்.

பழைய கீலை மாட்டவே இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார் மாமா. அம்மாவும் அழுத்திக் கேட்கவில்லை. அத்தா வர இன்னும் நாளிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கீல் மாற்றிய பிறகு அவர் வந்ததே ஒரே ஒரு முறை. அதுவும் ஐப்பசி அடைமழையில். கொட்டுகிற மழையில் யார் காரைத் திறந்து பார்ப்பது?

எனக்குப் பதினொரு வயதானபோது, சித்திரை வெயிலில் ஒருநாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் பெட்டி இறங்கியது, அப்புறம் கயிறு கட்டிய மூட்டை, அப்புறம் அத்தா. முடி பாதி வெளுத்திருந்தது. எனக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். “என்னங்க, லீவா?” என்றாள்.

“இல்ல. இனிமே போறதில்ல. கம்பெனிய மூடிட்டான்.”

இவ்வளவுதான் சொன்னார். என் தலையைத் தடவினார். அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அத்தா காலைக்கூடக் கழுவாமல் நேராகக் கொட்டகைக்கு நடந்தார்.

கீல் தெரிந்துவிடும். அம்மாவைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார். அது ஒன்றுதான் என் கவலை. மேலே ஓலை கீற்றுக் கீற்றாகப் படபடத்துக்கொண்டிருந்ததை நான் நினைக்கவே இல்லை. பாங்கு சொல்லி வெகு நேரமாகியிருந்தது. காரோ கடலைப் பார்த்து நின்றிருந்தது.

அத்தா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூரையைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு ஆசை. முன்பக்கம் வந்து கொக்கியை விடுவித்து, பானெட்டைத் தூக்கினார். ஒரு சாண்தான் தூக்கியிருப்பார். மீதியைக் காற்று தூக்கியது. அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பழைய கீல் நிறுத்தியிருக்கக்கூடிய இடத்தைத் தாண்டி, நட்டுக்குத்தலையும் தாண்டி, முன்கண்ணாடி மேல் போய் அறைந்தது.

அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்துவிட்டது. கண்ணாடி முழுவதும் பொடிந்து, சீட்டிலும் தரையிலும் கல்லுப்பாகக் கொட்டிக்கிடந்தது. அத்தா தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றார். அம்மா கையில் சொம்போடு வந்தவள் அசையவில்லை.

பட்டறையிலிருந்து மாமா ஓடிவந்தார். “மச்சான், நான்தான் மச்சான். அக்கா வாணாம்னுதான் சொன்னிச்சு. நான்தான் கீலை மாத்துனேன்” என்று மூச்சிரைக்கச் சொன்னார். அத்தா கீலைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது அம்மாவை.

“காத்து எங்கேருந்து வருது?” என்று கேட்டார்.

அம்மா எதற்கோ தயாராக இருந்தாள், இதற்கு இல்லை. “கடல்லேருந்துதாங்க. பாங்கு சொல்லிட்டாங்களே. எப்பவும் போலத்தான்” என்றாள்.

“எப்பவும் போலவா?”

“ஆமாங்க.”

அத்தா கையை இறக்கினார். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கிழக்கே பாத்திகளைப் பார்த்தபடி இருந்தார். அம்மா துடைப்பம் எடுத்துவந்து கண்ணாடியைக் கூட்டினாள். அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, கண்ணாடிக்காக என்று நினைத்தேன். பக்கத்தில் போய், “மாமா புதுசு போட்டுக் குடுத்துடும், அத்தா” என்றேன். அவர், “போட்டுக் குடுத்துடும்மா” என்று தலையாட்டினார்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது இருவரும் காரிடம் நின்றிருந்தார்கள். மாமா தட்டி நிமிர்த்திய பானெட், ஒரு மூலை நசுங்கியபடி, மறுபடி வானத்தைப் பார்த்து நின்றது. அத்தா மட்டும் பழைய பானெட்டுக்குக் குனிவது போலவே தலையைக் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் தோளைத் தொட்டு, “நிமிந்தே பாருங்க. இடிக்காது” என்றாள். பிறகு கந்தல் துணியை அவரிடம் கொடுத்து, எதை முதலில் துடைக்க வேண்டும், கிரீஸ் எவ்வளவு தடவ வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் காட்டியபடியே செய்தார்.

கடைசியில் துணியை உதறிக்கொண்டே கேட்டார்: “எந்நேரம் வரைக்கும் தெறந்து வைக்கலாம்?”

“லுஹர் பாங்கு வரைக்குங்க” என்றாள் அம்மா. என்னிடம் ஆயிரம் தடவை சொன்ன அதே குரலில்.

தான் போட்ட சட்டத்தையே தெரியாதவர் போல அத்தா கேட்டதை நான் நல்ல தமாஷ் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அம்மா அவரைப் பார்க்காமல் பானெட்டை மெதுவாக இறக்கினாள்.