பாட்டில்லாமல் டைப் அடிக்க வராதவன்

அந்தக் காலத்தில், மலையாள தேசத்தில் எங்கள் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் வணிகப் படிப்பில் டிப்ளமா வாங்கியவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் பம்பாய்க்குப் போய்ப் பெரிய உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டார். மற்றவன் நான். டிப்ளமாவுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, அதன் கீழேயே எட்டு மாதம் பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

ஒன்பதாம் மாதம் அப்பா பேசினார்.

"ஆவணி பொறக்கறதுக்குள்ள வேலை கிடைக்கலேன்னா ஊட்டுப்புரையில சமையக்காராளுக்குக் கையாளாப் போயிடு. சொல்லி வெச்சாச்சு."

வெந்நீர் போடச் சொன்னாலே பாத்திரத்தைக் கருக்கிவிடுகிறவன் நான். அந்த அன்னதானக் கூடத்தில் பந்தி பந்தியாய்ச் சாப்பிட உட்காருகிறவர்களை நினைத்து, அவர்களுக்காகவே பயந்தேன்.

ஆடி முடியப் பத்து நாள் இருக்கும்போது ஒரு தேயிலைக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பொன்முடி மலைத் தோட்டத்துக்கு ஒரு குமாஸ்தா வேண்டுமாம். தம்பானூர் ஆபீஸில் பரீட்சை.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் கிராமபோனில் பாண்டு வாத்தியம் வைத்துத்தான் டைப் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு தாளத்துக்கு ஒரு எழுத்து. மற்ற மாணவர்கள் நாளடைவில் பாட்டை மறந்து டைப்பைக் கற்றுக்கொண்டார்கள். நான் டைப்பை விட்டுவிட்டுப் பாட்டைக் கற்றுக்கொண்டேன்.

கம்பெனி அறையில் மூலையில் வெள்ளைக்காரத் துரை சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். பரீட்சை வைத்தவர் தலைமைக் குமாஸ்தா. மலையாளி, மலையாளம் கலந்த ஊர்த் தமிழ் சரளமாகப் பேசுவார். ஒரு கடிதத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அறையில் அப்படியொரு நிசப்தம். என் பத்து விரல்களும் மரக்கட்டை. வேறு வழியில்லாமல் காலால் தாளம் போட்டு, "பம் பம் பபம்" என்று மெல்ல ஆரம்பித்தேன். விரல்கள் ஓடின. வேகம் கூடக் கூடக் குரலும் கூடிவிட்டது.

"எந்தாடோ இது? டைப் அடிக்க வந்ததோ, கச்சேரிக்கு வந்ததோ?" என்றார் தலைமைக் குமாஸ்தா.

துரையின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது. நான் எழுந்து நின்றேன். கண்ணுக்கு முன்னால் ஊட்டுப்புரை அண்டாவில் ஆவி பறந்தது.

தலைமைக் குமாஸ்தா என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். "இங்கிலீஷ், மலையாளம், கொஞ்சம் சமஸ்கிருதம்... தான் பட்டர், தமிழ் பிராமணன் அல்லே? தமிழ் வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியும் சார்."

"பின்னே எழுதாதது எந்தா?"

"அது வீட்டுல பேசறதுதானே சார். அதையெல்லாம் படிப்புன்னு எப்படிப் போடறது?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டுக் காகிதம். தோட்டத்தில் வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர்கள் தமிழில் எழுதிப்போட்ட மனுக்கள். பேசத் தெரிந்தவர்கள் ஆபீஸில் நாலு பேர். எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மேலே கிடந்ததை எடுத்து வாசித்து, துரைக்கு இங்கிலீஷில் சொன்னேன்: தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக் கூரை போன மழையிலிருந்து ஒழுகுகிறது, பிள்ளைகள் நனைந்துகொண்டே தூங்குகின்றன, தகரம் வேண்டும்.

துரை கீழே கிடந்த சுருட்டை மறந்தேபோனார். எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார். முடிவில் தலைமைக் குமாஸ்தாவிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"திங்களாழ்ச்ச மலைக்குப் போய்க்கோ. மனுவெல்லாம் இங்கிலீஷில கையால எழுதி அனுப்பினா போதும். அந்த மிஷினத் தொடண்டா, கேட்டோ?"

தம்பானூரிலிருந்து கோட்டை வரை நடந்தேனா பறந்தேனா, தெரியாது. அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"டைப் நன்னா அடிச்சியோ?"

"இல்லேப்பா. வேலை கிடைச்சுடுத்து. தமிழ் படிக்கத் தெரிஞ்சவா வேணுமாம்."

"அதுக்காடா ரெண்டு வருஷம் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனே?" என்றவர், மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே போய் இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.