விற்பதற்காகக் கட்டிய குளியலறை

கரமனையில் அப்பா தனியாக இருக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று நான் சொல்லத் தொடங்கியபோது, அதற்கு நான் காட்டிய ஒரே காரணம் குளியலறை. அது இட்டுக்கட்டிய காரணம் இல்லை. எங்கள் அக்கிரகாரத்து வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. கூடம், அடுக்களை, முற்றம் எல்லாம் தாண்டி, கொல்லைப் படி இறங்கி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போனால்தான் குளியலறை. கக்கூஸ் அதற்கும் அப்பால், மதிலோரத்தில். எடவ மாதத்துப் பருவமழை பிடித்துவிட்டால் படியிலும் கிணற்றடியிலும் பாசி ஏறிவிடும். தகரம் அடித்த கதவு ஊறிப்போய் மூடவும் மூடாது, மூடினால் திறக்கவும் திறக்காது.

அம்மா போன பிறகு வந்த ஒரு மழையில் அப்பா அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அன்று முதல் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. காலையில் குளித்து முடித்ததும் எனக்கு ஃபோன் செய்து, "ஆச்சு" என்பார். நான் "சரிப்பா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அந்த "ஆச்சு" வரும்வரை கழக்கூட்டத்தில் என் ஃப்ளாட்டில் நான் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், தொண்டையில் இறங்காது.

சில நாள் மறந்துவிடுவார். குளித்த கையோடு பூஜையில் உட்கார்ந்துவிடுவார், ஃபோன் கூடத்தில் கிடந்து அடித்துக்கொண்டே இருக்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று என் கணவர் சொல்வது உண்மைதான். ஆபீஸ் போகிற வழியில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, அவர் எடுத்ததும் வாய்க்கு வந்தபடி கத்துவேன். பைபாஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குளிச்சாச்சு கொழந்தே, நீ போய் ஆபீசைப் பாரு" என்பார்.

நான் ஒரே பெண். உண்மையைச் சொல்வதானால், பயந்து பயந்து எனக்கு அலுத்துவிட்டது. தினமும் காலையில் அந்த அரை மணி நேரம் என் வாழ்க்கையில் இல்லாமல் போனால் போதும் என்றிருந்தது. இதை அப்பாவிடம் சொல்ல முடியுமா? அதனால் குளியலறை மேல் பழியைப் போட்டேன். போகும்போதெல்லாம் அதே பாட்டு. வழுக்கினால் யார் தூக்குவது, மழையில் யாருக்குக் கேட்கும், ஃப்ளாட்டில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அப்பா முதலில் கேட்காத மாதிரி இருந்தார். பிறகு, அது ஒன்றுதான் இங்கே சரியில்லை, மற்றபடி தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோர்த்துத் துண்டைக் கொடியில் விரித்துக்கொண்டே, "சரி, அது காரணமாக்கும்னா வித்துடு" என்று சொல்லிவிட்டார்.

நியாயமாக ஒரு கேள்வி எழும். குளியலறைதான் குறை என்றால் அதைச் சரி செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. பழைய வீட்டில் கை வைத்தால் ஒன்றைத் தொட ஒன்பது விழும், சுவர் தாங்காது, நல்ல ஆள் கிடைக்க மாட்டான். ஒரு கொத்தனாரைக் கூடக் கூப்பிட்டுக் காட்டாமலே இத்தனையும் சொன்னேன்.

அப்பா கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள், நான் ஏற்பாடு செய்த புரோக்கர் வந்தார். முன்பக்கமெல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. கொல்லைக்கு வந்து குளியலறைக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்து, மொபைல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். இதைக் காட்டினால் பார்ட்டி வாசல் வரை கூடத் திரும்பிப் போக மாட்டான், இங்கேயே மதில் ஏறிக் குதித்து ஓடிவிடுவான் என்றார் மலையாளத்தில். அடுக்களையை ஒட்டி, கக்கூஸும் குளிக்கும் இடமும் சேர்ந்தாற்போல் டைல்ஸ் போட்டு ஒன்று கட்டுங்கள், மழையில் நனையாமல் போய்வரக் கூரையை இழுத்துவிடுங்கள், பிறகு பாருங்கள் என்றார்.

அந்த வாரமே எனக்குக் கொத்தனார் கிடைத்தார். செங்கோட்டைப் பக்கத்து ஆள், இங்கே வந்து கல்யாணம் செய்து தங்கிவிட்டவர். சுவர் தாங்கியது. எதுவும் விழவில்லை. வருஷக்கணக்காக முடியவே முடியாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வேலை, அந்த மாதம் முடிவதற்குள் முக்கால்வாசி ஆகிவிட்டது. நான் லீவு போட்டுக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் குழாய்க்கும் டைல்ஸுக்கும் அலைந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அப்பா முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முழு நாளும் வேலையைப் பார்த்தார். கொத்தனாரோடு வாய் ஓயாமல் பேச்சு. அவர் இவரிடம் குற்றாலத்துச் சாரலைப் பற்றிச் சொல்வார், இவர் அவரிடம் சிமெண்டுக் கலவையைப் பற்றிச் சொல்வார். மின்சார ஆபீசில் வேலை பார்த்த என் அப்பாவுக்குச் சிமெண்டைப் பற்றி என்ன தெரியும்? கொத்தனார் பாவம், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அப்பா முரண்டு பிடித்தார். குளிக்கும் இடமும் கக்கூஸும் ஒரே அறைக்குள் என்பது அவருக்கு ஆகவே இல்லை. குளித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே தலை துவட்டுவதா என்றார். கொத்தனார் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழுப்பிக் கொடுத்தார். அப்பா அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் நின்று, குனிந்து எல்லாம் பார்த்துவிட்டு, "ம், மதி" என்றார், போதுமாம்.

எனக்கு உறைத்தது டைல்ஸ் ஒட்டுவதற்கு முந்திய நாள்தான். நான் போனபோது அப்பா புதிய சுவருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். கொத்தனார் அவர் உள்ளங்கைக்கு நேரே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கைப்பிடிக்கு உயரம் பார்க்கிறோம் அம்மா என்றார் என்னிடம். ஐயா உட்கார்ந்து எழுந்திருக்க ஒன்று, நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது பிடித்துக்கொள்ள ஒன்று. அப்பா கையை மடக்கி, திரும்ப நீட்டி, இன்னும் ஒரு விரற்கடை கீழே என்று திருத்தினார். 

அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போது புரிந்தது. அவர் கணக்கில் தப்பே இல்லை. குளியலறை சரியில்லை, அதனால் வீட்டை விற்கிறோம். இப்போது குளியலறை சரியாகிறது. அப்படியானால் மகள் மனசு மாறிவிட்டாள்.  அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கொத்தனார் இருக்கிறாரே என்று அன்று சொல்லவில்லை. மறுநாள் அப்பா உற்சாகமாக இருந்தார், அதனால் சொல்லவில்லை. அதற்கப்புறம் சொல்லாமல் இருப்பதே வசதியாகப் போயிற்று. விற்பதற்கு என்று தெரிந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், வேலை நின்றுபோகும் என்று ஒரு எண்ணமும் எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பழைய குளியலறையை இடித்துத் தள்ளிய பிறகு, நல்ல நாள் பார்த்து அப்பா புதியதில் குளித்தார். அன்று காலை ஃபோனில் "ஆச்சு" என்பதோடு நிறுத்தவில்லை. கைப்பிடி நன்றாக நிற்கிறது, தரை கொஞ்சமும் வழுக்கவில்லை, வெந்நீர் குழாயிலேயே வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமாவைக் கூட்டிவந்து காட்டினாராம். நான் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே தோசையைத் தின்றேன். இறங்கியது. வெகு காலத்துக்குப் பிறகு எனக்குப் பசித்துச் சாப்பிட்ட காலை அது. பயம் போவதற்கு இவ்வளவுதான் வேண்டியிருந்தது என்று அப்போதே எனக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் புரோக்கருக்கு ஃபோன் செய்து, வேலை முடிந்துவிட்டது, ஆட்களைக் கூட்டிவரலாம் என்றேன்.

ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒருமுறை முடிவு செய்து ஓடத் தொடங்கிவிட்டால் எனக்கு நிற்கத் தெரியாது. இன்று இந்தப் பயம் போனால் நாளைக்கு வேறொன்று வரும், அப்பாவை என் கண் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டால் ஒரேயடியாக நிம்மதி என்று தோன்றியது. என் நிம்மதி. அவருடையதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அப்பா கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் புரோக்கரை வரச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு கணவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே வந்து நின்றார். அப்பா அவர்களை என் ஆபீஸ் சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொண்டார். காப்பி போடச் சொன்னார். அந்தப் பெண் பின்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டதும், அப்பாவே முன்னால் நடந்து கூட்டிப்போனார். விளக்கைப் போட்டார், குழாயைத் திறந்து காட்டினார், கைப்பிடியைப் பிடித்துக் குந்தி எழுந்து காட்டினார். என் மகள் எனக்காகக் கட்டிக் கொடுத்தது என்று மலையாளத்தில் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் டைல்ஸைப் பார்த்தேன். அவர்களுக்கு வீடு பிடித்துப் போயிற்று. வாசலில் வைத்தே பேச்சு முடிந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு அப்பா கேட்டார், அவர்கள் யார் என்று. வீடு வாங்க வந்தவர்கள் என்றேன். அப்பா கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் குளிமுறி ஒண்ணுதானே கொறையாயிருந்தது? அது இப்போ சரியாயாச்சே. இனிமே எதுக்கு விக்கணும்?"

 பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வரும், அன்றும் வந்தது. "வாங்கறவாளுக்குப் பிடிக்கணும்னுதாம்பா அதைக் கட்டினதே" என்று எரிந்து விழுந்தேன்.

"அப்படியா," என்றார் அப்பா. "நான் எனக்காக்கும்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் நான் நிறையப் பேசினேன். கண் சரியில்லை, சமையல் எத்தனை நாளைக்கு, காய்ச்சல் வந்தால் யார் என்று புதுப்புதுக் காரணங்களாக அடுக்கினேன். அவர் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அந்த ஆட்களுக்கு நான் வார்த்தைதான் கொடுத்திருந்தேன், வேறெதுவும் ஆகிவிடவில்லை. அன்று மாலைக்குள் ஒரு ஃபோன் செய்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும். நான் செய்யவில்லை.

மறுநாள் காலை "ஆச்சு" வந்தது. எப்போதும்போல. ஞாயிற்றுக்கிழமை போனபோதுதான் பார்த்தேன். புதுக் குளியலறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சுவர், தரை, குழாய் எதிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கைப்பிடியில் விரல் தடம் கூட இல்லை. சோப்புப் பெட்டி, சொம்பு, எண்ணெய்க் கிண்ணம் எல்லாம் கிணற்றடிக் கல்லின் மேல் இருந்தன. பழைய குளியலறையைத்தான் இடித்துவிட்டோமே. அப்பா மழையில் திறந்த வெளியில், பாசிக் கல்லின் மேல் நின்று குளித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது. என்ன பிடிவாதம் இது, என்னைப் பழிவாங்குகிறீர்களா என்று கேட்டேன். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது போலிருக்கிறது. அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அவாளுக்குன்னு கட்டினது, புதுசாவே குடுக்கணும். தெரியாம ரெண்டு வாரம் குளிச்சுட்டேன். அதைத்தான் தேச்சு அலம்பி வெச்சிருக்கேன்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், அழுதேன் கூட. அவர்கள் வந்து எல்லாவற்றையும் மாற்றிக்கட்டினாலும் கட்டுவார்கள் என்றேன். அது அவர்கள் சௌகரியம் என்றார். புதுத் துணியை ஒருவருக்கு எடுத்துவிட்டு அதை நாமே கட்டிப் பார்ப்போமா என்று கேட்டார்.

இப்போது தினமும் காலையில் கழக்கூட்டத்திலிருந்து நானே வருகிறேன். தினம் வந்து பார்க்க முடியாது என்றுதான் இந்த வீட்டையே விற்கிறேன். பத்திரம் பதியும்வரை வரத்தான் வேண்டும். படியில் பாசியைச் சுரண்டிவிடுகிறேன், நாளைக்குள் திரும்ப ஏறிவிடுகிறது. ஒரு கையில் குடை, மறு கையை அவருக்கு நீட்டிக்கொண்டு, ஆபீஸ் புடவையை ஏற்றிச் செருகி, கிணற்றடியில் நிற்கிறேன். அவர் என் முழங்கைக்குக் கீழே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்கிறார். நான் கையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால், ஒரு விரற்கடை கீழே என்கிறார்.

கடைசிச் சொம்பு ஊற்றி, தோர்த்தைப் பிழிந்து தலையைத் துவட்டிவிட்டு, பக்கத்தில்தான் நான் நிற்கிறேன், என் கையைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறார், என்றாலும் என் முகத்தைப் பார்த்து "ஆச்சு" என்கிறார்.