சீசன் முடியட்டும்

எனக்கு முதலில் தெரிந்தது வலி அல்ல, வாடை.

டிசம்பர் கடைசி வாரம். பேத்துப்பாறை போகும் சாலையில் நானும் என் கணவரும் நடத்தும் மூன்று அறை விடுதியின் அடுப்படியில் உட்கார்ந்து, பன்னிரண்டு பேருக்குப் பூரி மாவு உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விடிந்திருந்தது. காலடியில் ஓர் இரும்புச் சட்டி. முந்தின நாள் விருந்தினர்களுக்காக மூட்டிய நெருப்பில் மிஞ்சிய கரியை அதில் போட்டு ஊதிவிட்டு, பாதத்தை அதன் ஓரமாக வைத்திருந்தேன். கொடைக்கானல் குளிரில் அடுப்படி வேலை செய்யும் யாரும் செய்வதுதான்.

"அம்மா, என்னமோ பொசுங்குற வாடை வருது" என்றாள் மகள் நித்யா. திண்டுக்கல்லில் கல்லூரியில் படிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன். பால் பாத்திரத்தைப் பார்த்தேன். கரித்துணி ஏதும் அடுப்பில் விழுந்துவிட்டதா என்று பார்த்தேன். நித்யாதான் குனிந்து பார்த்துவிட்டு என் காலைப் பிடித்து இழுத்தாள்.

இடது பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரலுக்குக் கீழே, சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்தது. தோல் வெந்து வெளுத்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"பனியில மரத்துப் போச்சுடி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அதைச் சொன்னபோது உண்மையாகவே நம்பினேன்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ சர்க்கரை நோய் இருந்தால் இதைப் படியுங்கள். வேகும்போது தெரியாத கால், பனியில் மரத்த கால் அல்ல. அது எனக்குப் புரியப் பதினோரு நாள் பிடித்தது.

எங்களைப் போன்ற குடும்பங்களின் காலண்டர் வேறு. ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் எங்களுக்கு வேலை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், பிறகு ஏப்ரல், மே. யாரோ ஒரு குடும்பம் எங்கள் முற்றத்தில் சிரித்துப் பேசிப் பண்டிகை கொண்டாடும்போது நாங்கள் அவர்களுக்கு வெந்நீர் சுமந்துகொண்டிருப்போம். எங்கள் பொங்கல், கூட்டம் இறங்கிப் போன பிறகு வரும் முதல் ஞாயிறு. நித்யா சின்ன வயதில் பள்ளியில், "எங்க வீட்டுல பொங்கல் எப்பவும் ஞாயித்துக்கெழமதான் வரும்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவள்.

கூரை ஒழுகினாலும், பல் வலித்தாலும், சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் என்றாலும் என் கணவர் ராசுவின் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: "சீசன் முடியட்டும்." நானும் அதையே சொல்லப் பழகிவிட்டேன். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து நான்கு வருடம். மாத்திரையையும் சீசனுக்குச் சீசன் நிறுத்திவைப்பேன். வேலை நாளில் நான் சாப்பிட மூன்று மணி ஆகும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும். எனவே சாப்பாட்டைச் சரிசெய்வதற்குப் பதிலாக மாத்திரையை விட்டுவிட்டேன். என் புத்தி அப்படி வேலை செய்தது.

அந்த டிசம்பரில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. என் தாய்வீடு அய்யம்பாளையம். தைப்பூசத்துக்கு அங்கிருந்து பழநிக்கு வருடாவருடம் ஒரு குழு நடந்து போகும். நானும் என் கணவரின் அக்கா பாண்டியம்மாளும் அதில் உண்டு. மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் செருப்புக் கிடையாது. கொடைக்கானல் சிமென்ட் தரையில், டிசம்பரில், வெறுங்காலோடு நிற்பது என்றால் என்னவென்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

"சாக்ஸ் போட்டுக்கிறட்டுமா மதினி?" என்று பாண்டியம்மாளிடம் கேட்டிருந்தேன். பெருமாள்மலையில் சாலையோரமாகக் கேரட்டும் மலைப்பூண்டும் விற்பவர். விரத விஷயத்தில் எங்கள் வீட்டு உச்ச நீதிமன்றம்.

"சாக்ஸு என்ன, துணிச் செருப்புத்தான? அதெல்லாம் ஆகாது தனம். குளுந்தா குளுரட்டும், சாமிக்குத்தான" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆக, கால் மரத்திருப்பதற்கு என்னிடம் இரண்டு நல்ல காரணங்கள் இருந்தன. ஒன்று பனி, இன்னொன்று பக்தி. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று நான் யோசிக்கவே இல்லை.

புண்ணில் மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றினேன். நித்யாவிடம், "அப்பாகிட்டச் சொல்லிறாத. சீசன் முடியட்டும்" என்றேன். அவள் சொல்லவில்லை. இரண்டாம் தேதி கல்லூரிக்குப் போய்விட்டாள். தினமும் போனில், "கால் எப்படிம்மா இருக்கு?" என்பாள். "வலியே இல்லடி" என்பேன். அது பொய்யில்லை. அதுதான் கொடுமை.

பதினோராம் நாள் விருந்தினருக்கு இட்லி எடுத்துப் போகையில் உடம்பு தூக்கிப் போட்டது. தட்டோடு விழுந்தேன். ராசு என்னைத் தூக்கி உட்கார வைத்தார். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. அரை மணி நேரத்தில் எங்கள் ஜீப் மலையிறங்கிக்கொண்டிருந்தது.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. அறுவை மருத்துவர் என் கணவர் வயதுக்காரர். மெல்லிய நைலான் இழை ஒன்றைக் காட்டினார்.

"கண்ண மூடிக்கங்கம்மா. இது ஒங்க பாதத்துல படுறப்ப ‘ஆமா'ன்னு சொல்லுங்க, போதும்."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரமாயிற்று. "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேம்மா. ரெண்டு கால்லயும் பத்துப் பத்து இடம் தொட்டாச்சு."

அதற்குப் பெயர் நியூரோபதி (நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார். என் பாதம் பல மாதங்களாகவே எனக்குத் தகவல் சொல்வதை நிறுத்தியிருந்தது. புண்ணின் தொற்று சுண்டுவிரல் எலும்புக்குப் போய்விட்டது. இது ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்பைப் பிடிக்கும் தொற்று).

"ரெண்டு வெரல் போகணும். அதோட நிக்குதா, பாதத்தையே எடுக்கணுமான்னு உள்ள பாத்தாத்தான் தெரியும்."

அந்த நேரத்தில் நான் கேட்டதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "பொங்கல் முடிஞ்சு வரலாமா சார்? மூணு ரூமும் புக் ஆகிக் கெடக்கு."

அவர் கோபப்படவில்லை. "ஒங்க விருந்தாளிக வேற ரூம் பாத்துக்குவாங்க. ஒங்களுக்கு வேற கால் பாக்க முடியாதும்மா" என்றார்.

மயக்கம் தெளிந்து எழுந்ததும் போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். கட்டு பெரிதாக இருந்தது, ஆனால் குதிகால் இருந்தது. அழுதேன். விரல் போனதற்காக அல்ல. அடுத்த நான்கு நாளில் இன்னும் இரண்டு முறை டிப்ரைட்மென்ட் (செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) நடந்தது. ஒவ்வொரு முறையும் ராசு கதவுக்கு வெளியே நின்று, "பாதம் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டாராம். நர்ஸ் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பொங்கலன்று வார்டில் இருந்தேன். சர்க்கரைப் பொங்கல் என்ற பெயரே அங்கே கெட்ட வார்த்தை. நித்யா ஒரு கரும்பை எடுத்து வந்து கட்டில் காலில் கட்டிவைத்து, "பாக்க மட்டுந்தான்" என்றாள். எனக்கு நினைவு தெரிந்து பொங்கலன்றே நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று உடைந்து போனாள். "நான் அன்னைக்கே அப்பாகிட்டச் சொல்லிருந்தா வெரல் போயிருக்காதுல்லம்மா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒன் வாயக் கட்டுனது நாந்தான். தப்பு என்னோடது. இனிமே எனக்காக எதையும் மறைக்காதடி" என்றேன். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கேட்டேன். மனது லேசானது.

அவள் பையில் எங்கள் விடுதியின் விருந்தினர் நோட்டு இருந்தது. புத்தாண்டுக்கு வருபவர்கள் அடுத்த வருடம் என்ன செய்யப் போகிறோம் என்று அதில் எழுதிவைப்பது வழக்கம். எடை குறைப்பேன், வீடு கட்டுவேன், வெளிநாடு போவேன் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அடுப்படியில் படித்துச் சிரிப்பேன். அதே ஆள் அடுத்த வருடமும் வந்து அதே எடையைக் குறைப்பதாக எழுதியிருப்பார்.

"நீயும் எழுதும்மா" என்று பேனாவைக் கொடுத்தாள்.

யோசிக்கவே இல்லை. ‘அடுத்த தைப்பூசத்துக்கு என் சொந்தக் கால்களில் நடந்து பழநிக்குள் போவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புண் ஆற நான்கு மாதமானது. முன்பாதத்தில் பாரம் விழாதபடி ஒரு கனத்த காலணி கொடுத்தார்கள். தினமும் இன்சுலின். மே மாத சீசனை நாற்காலியில் உட்கார்ந்தே நடத்தினேன். நித்யா பூரி பொரித்தாள், ராசு காய் நறுக்கினார். அவர் நறுக்கிய கேரட்டைப் பார்த்து விருந்தினர் ஒருவர் இது என்ன காய் என்று கேட்டார். எனக்கு மட்டும் காலை எட்டரைக்கு, பகல் ஒரு மணிக்கு, இரவு எட்டுக்குத் தட்டு வந்துவிடும். விடுதி மூழ்கிப் போகவில்லை. நான் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் உலகம் நின்றுவிடும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்!

மருத்துவர் ஒரு கைக்கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொன்னார். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்கால்களையும் பார்க்க வேண்டும். விரலிடுக்குகளையும் விடக்கூடாது. செருப்பை உதறிவிட்டுத்தான் போட வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்கூட வெறுங்கால் கிடையாது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது தலை சீவுவதுபோல அதுவும் ஒரு வேலை.

அடுத்த பொங்கல் வந்தது. ‘அறை இல்லை' என்ற பலகையை ராசுவே கேட்டில் மாட்டினார். மூன்று அறையும் காலி. பொங்கலன்று காலையில் குளித்துவிட்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"லீவுன்னா என்ன செய்யணும் தனம்?"

"சும்மா இருக்கணும்ப்பா" என்றாள் நித்யா.

"அதத்தான் எப்படின்னு கேக்குறேன்."

பானை பொங்கியபோது மூன்று பேரும் கத்தினோம். கேட்க வேறு யாரும் இல்லை. நான் இரண்டே வாய் சாப்பிட்டேன். சத்தியமாக அதைவிட ருசியான பொங்கலை நான் சாப்பிட்டதில்லை.

தைப்பூசம் நெருங்கியதும் மருத்துவரிடம் கேட்டேன். அய்யம்பாளையத்திலிருந்து நடப்பதை அவர் ஒப்பவில்லை. மூன்று கிலோமீட்டர், அதுவும் அவர் சொன்ன மெத்தென்ற செருப்போடு என்றார். மதினி முகம் சுளித்தார். குழுவின் குருசாமி, காய்கறி லாரி ஓட்டுபவர், என்னைக் கூப்பிட்டு, "மாலை போடாதீக. செருப்போட கடைசி மூணு கிலோமீட்டர் எங்ககூட வாங்க. முருகன் ஏன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அப்படியே செய்தேன். ஊருக்கு வெளியே ஜீப்பிலிருந்து இறங்கிக் குழுவோடு சேர்ந்தேன். எத்தனையோ வெறுங்கால்களுக்கு நடுவே ஒரு ஜோடிச் செருப்பு. சிலர் பார்த்தார்கள், பார்க்கட்டும். அடிவாரத்தில் நின்றேன். அதற்கு மேல் செருப்புப் போகாது, செருப்பில்லாமல் நான் போக மாட்டேன். மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நோட்டில் எழுதியது நடந்துவிட்டது. பழநிக்குள் என் சொந்தக் கால்களில் வந்திருந்தேன்.

படியேறிய குழு மத்தியானம் திரும்பியது. மதினி என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து காலை நீட்டினார். பழக்கதோஷத்தில் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவர் பாதத்தின் கீழே பிடித்தேன். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. சுற்றிலும் ரத்தம் உறைந்து காய்ந்திருந்தது.

"மதினி, இது எப்பக் குத்துச்சு?"

எட்டிப் பார்த்தார். "அட! வலிக்கவே இல்லையே தனம். நடந்து நடந்து மரத்துப் போச்சு போல."

கரிச்சட்டி வாடை அங்கேயே மூக்கில் அடித்ததுபோல் இருந்தது.

"சக்கரை பாத்திருக்கீகளா?"

"அதுக்கெல்லாம் எங்க நேரம்? வர்ற வாரம் தொடர்ச்சியா லீவு வருது, கடையில கூட்டம் அள்ளும். அந்தச் சோலி முடியட்டும், பாப்போம்."

"கால் லீவு பாத்துக்கிட்டு இருக்காது மதினி. எந்திரிங்க, இப்பவே போவோம்." அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் என் செருப்பைப் பார்த்தார். இரண்டு விரல் இல்லாத இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருந்ததைப் பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்துவிட்டது. சில்லை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். புண் இரண்டு வாரத்தில் ஆறியது. விரல் பத்தும் பத்திரமாக இருக்கிறது.

என் பாதம் இனி எனக்கு எதையும் சொல்லப் போவதில்லை. அதனால் காலையில் நானே போய் விசாரிக்கிறேன். எதையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்க எனக்கு இப்போது வாய் வருவதில்லை. அந்தக் கைக்கண்ணாடியை மதினியிடமே கொடுத்துவிட்டேன். ஊர் திரும்பும் வழியில் இறங்கி, எனக்கு வேறொன்று அன்றைக்கே வாங்கிக்கொண்டேன்.