அப்பா பூட்டி வைத்த சத்தம்

லவுட்ஸ்பீக்கர் என்றால் பட்டறையில் எல்லோருக்கும் அவர்தான். இருபத்திரண்டு வருடமாகத் தகடு வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டுகிற மனிதர். வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டில் சொம்பைத் தேடுவார்கள். தன் குரல் பெரிது என்பது அவருக்குத் தெரியும். தன் காது மந்தம் என்பதுதான் தெரியாது. எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

மனைவி வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் சத்தத்தில் ஒன்பது வயது மகளுக்கு டேப்லெட்டில் ஓடும் பாடம் கேட்பதில்லை. அவர் நாலு கடை ஏறி இறங்கி ஒரு ஹெட்போன் வாங்கினார். நழுவக்கூடாதென்று இறுக்கமானதாகப் பார்த்து வாங்கினார். பிள்ளை சத்தத்தைக் கூட்டிக் காதைக் கெடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று, தானே மாட்டிக் கேட்டு, இதமாகப் பட்ட அளவில் நிறுத்தி, ரகசிய எண் போட்டுப் பூட்டியும் விட்டார். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அப்பேர்ப்பட்ட முன்ஜாக்கிரதை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், துடைத்து வைக்கலாம் என்று அதை எடுத்த மனைவி, பாடத்தை ஓடவிட்டுச் சும்மா காதில் மாட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதையாங்க புள்ள காதுல மாட்டிவிட்டீங்க? மண்டையே அதிருது."

அவர் வாங்கி மாட்டிப் பார்த்தார். இதமாகத்தான் கேட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதம்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மூவரும் காது பரிசோதனைக்குப் போனார்கள். கண்ணாடி அறைக்குள் மகள் உட்கார்ந்திருக்க, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவள் தூக்கிய ஒவ்வொரு தடவையும் வெளியே இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பரிசோதித்த டாக்டரம்மா, பிள்ளையின் காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தச் சத்தத்தில் எப்படித் தப்பித்தாள் என்று அவளிடமே கேட்டார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் காதுல மாட்டவே இல்ல. ரொம்ப அழுத்துச்சு, கத்துச்சு. கழுத்துல தொங்கவிட்டாலே நல்லா கேட்டுச்சு. அப்பா ஆசையா வாங்குனது, சொன்னா வருத்தப்படுவாங்கன்னு சொல்லல."

அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சொல்பேச்சு கேளாத பிள்ளையைப் பெற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட தகப்பன் வேறு எவனும் இருக்க மாட்டான். அதே கண்ணாடி அறையில் வைத்து அவருக்கும் சோதனை நடந்தது. காது பாதி போயிருந்தது. பட்டறையில் இனிமேல் காதுக்கவசம் இல்லாமல் நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்தார். போகட்டும், பிள்ளை காது இருக்கிறதே என்றார் இவர்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனார்கள். ஓர் அளவுக்கு மேல் சத்தம் ஏறாத குழந்தைகள் ஹெட்போன்களை மகளே மாட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம் போட்டும் அழுத்தாத, மெத்தென்ற ஒன்றை எடுத்தாள். பாட்டு ஓடும்போது கைக்கெட்டும் தூரத்தில் சாதாரணமாகப் பேசினால் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பேசுவது அப்பாவாக மட்டும் இருக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

பாட்டு ஓடியது. மனைவி மகளுக்குப் பின்னால் நின்று ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததுதான் இவருக்குத் தெரிந்தது.

மகள் ஹெட்போனைக் கழற்றாமலே அவர் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"அப்பா, கண்ணத் தொடச்சுக்கணுமாம். எல்லாரும் பாக்குறாங்களாம்."