சாட்டியில் என்னை வெளியேற்றிய வாக்கு

நோர்வேயில் என்னோடு வேலை செய்கிறவர்கள் மத்தியான இடைவேளையில் ஒருவரையொருவர் கொலைகாரன் என்று குற்றஞ்சாட்டி, விரல் நீட்டி வாக்களித்து, பிறகு ஒன்றாக இருந்து கேக் சாப்பிடுவார்கள். ஓநாய் விளையாட்டாம். ஆளுக்கொரு இரகசியச் சீட்டு கொடுப்பார்கள், ஊராள்களுக்குள் இரண்டு ஓநாய்கள் ஒளிந்திருக்கும். எல்லோரும் கண்மூடியிருக்க, அவை மட்டும் விழித்து, ஒருவரை விரலால் காட்டித் தின்னும். பிறகு மிச்சப்பேர் வாக்கெடுத்து, சந்தேகமான ஆளை வெளியேற்ற வேண்டும். முதல்முறை இங்ரிட் என் பக்கம் விரல் நீட்டியபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. மறுநாள் மீன் றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு சமாதானம் பேசப் போனேன். "எதற்கு?" என்றாள். "நேற்றைய பிரச்சினைக்கு" என்றேன். அவளுக்கு ஒரு பிரச்சினையும் நினைவில்லை. றோல்ஸைத்தான் இன்றைக்கும் விசாரிக்கிறாள்.

இம்முறை விடுமுறையில் அந்த விளையாட்டை ஊருக்குக் கொண்டுபோனேன். ஊர்காவற்றுறையிலிருந்து வாடகை வான் பிடித்து, சாட்டிக் கடற்கரையில் பாய் விரித்தோம். என் மகள் நிலாதான் விளையாட்டை நடத்துகிறவள். தம்பி யோசேப்பு, அவன் மனைவி றீற்றா, பக்கத்து வீட்டுச் சூசையண்ணை குடும்பம் எல்லோரும் வட்டமாக இருந்தார்கள். எனக்கு ஒரேயொரு ஆசை: ஒரு பின்னேரமாவது, சொக்லேட் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரனாக இல்லாமல், அவர்களில் ஒருவனாக இருந்துவிட வேண்டும்.

ஓநாய்கள் சூசையண்ணையின் மனைவியைத் தின்றன. வாக்கெடுக்க வேண்டும், ஒரு விரலும் எழும்பவில்லை.

"சூசையண்ணையை நான் எப்பிடிக் காட்டுறது? விடிஞ்சால் ஒரே வள்ளத்தில கடலுக்குப் போறனாங்கள்" என்றான் யோசேப்பு.

"என்னைக் காட்டுங்கோவன், நான் போறன்" என்றாள் றீற்றா. நோர்வேயில் ஒருவரும் இப்படித் தியாகம் செய்து நான் கண்டதில்லை.

ஆளாளுக்குத் தங்களையே காட்டினார்கள். வாக்குகள் சமன், ஒருவரும் போகவில்லை. அடுத்த சுற்றில் சூசையண்ணையின் மூத்த மகனையும் ஓநாய்கள் தின்றன. எனக்குப் பொறுக்கவில்லை, எழும்பி நின்று விளக்கம் கொடுத்தேன். வாக்கு சமனானால் ஓநாய்களுக்குத்தான் கொண்டாட்டம், முகத்தாட்சணியம் பார்த்தால் ஊரே அழியும், ஆரையாவது அனுப்பியே ஆகவேண்டும் என்றேன்.

யோசேப்பு தாடையைச் சொறிந்தான். "அனுப்பத்தான் வேணுமெண்டால் எங்கட அண்ணையை அனுப்புவம். அவர் எப்பிடியும் ஞாயிற்றுக்கிழமை நோர்வேக்குப் போறவர்தானே."

"ஓம், அதுதான் நல்லம்" என்றார் சூசையண்ணை, மிகுந்த ஆறுதலோடு. எல்லா விரல்களும் என்னை நோக்கித் திரும்பின. ஒரு விரலிலும் கோபமில்லை. அதுதான் நெஞ்சுக்குள் இடித்தது.

"கர்த்தரே, நான் ஓநாயில்லை!" என்று கத்தினேன். விளையாட்டு என்பதே மறந்துபோயிற்று. என் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். ஊராள்.

"ஐயோ அத்தான்!" என்று றீற்றா தலையில் கைவைத்தாள். உடனே பெரிய மீன்பொரியலாகப் பார்த்து என் கையில் வைத்தாள். செத்தவன் கண்ணைத் திறந்திருக்கலாம், ஆனால் கதைக்கக்கூடாது, தலையாட்டவும் கூடாது என்றாள் நிலா. பாய்க்கு வெளியே மணலில் போய் இருந்தேன்.

எல்லோரும் கண்மூடினார்கள். "ஓநாய்கள் விழிக்கலாம்" என்றாள் நிலா. யோசேப்பு கண்ணைத் திறந்தான். அடுத்தது றீற்றா! ஆக, என்னை அனுப்பச் சொன்னது ஓநாயின் தந்திரம். மனம் கொஞ்சம் ஆறியது. ஆனால் ஓநாய் சொன்ன அந்தக் காரணத்தை ஓநாயில்லாத சூசையண்ணையும் உடனே நம்பினாரே?

யோசேப்பு ஒருவரையும் காட்டவில்லை. வள்ளம் வாங்குவதென்றாலும் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதென்றாலும் எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்கிறவன், கண்மூடியிருந்தவர்களின் தலைகளுக்கு மேலால் என்னைப் பார்த்து, ஆரைத் தின்பது என்று கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான். வாய்க்குள் மீனோடு, அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.