காக்காய்க்கு எப்படித் தெரியும்

காக்காய்கள் மனித முகத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றனவா என்று ஆராய்ச்சி செய்ய ஒரு பெண் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டு மாடியைக் கேட்டு வந்தாள். கொடுத்த அன்றே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. ரப்பர் முகமூடி போட்டுக்கொண்டு வலையில் காக்காய் பிடிப்பாள். காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுவாள். நல்ல காரியம் செய்கிறவள் முகத்தை எதற்கு மறைக்க வேண்டும்?

அந்த அமாவாசையன்று மாடிச்சுவரில் வைத்த சோற்றை ஒரு காக்காயும் தொடவில்லை. காக்காய் எடுக்காமல் நாங்கள் சாப்பிட உட்கார மாட்டோம். குழம்பு ஆறிப்போயிற்று.

"பித்ருக்களுக்குக் கோபம் வந்துடுத்து. எல்லாம் அவளால," என்றாள் என் மனைவி. அதையே நான் சாயாக்கடையில் சொன்னேன், கொஞ்சம் கூட்டி.

சில நாள் கழித்து அந்தப் பெண் உற்சாகமாக மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அங்கிள், நான் பிடிக்காத காக்காகூட முகமூடியைக் கண்டா திட்டுது. மத்த காக்காயைப் பார்த்தே பழகியிருக்கு."

"அப்படியா," என்றேன். நம்பவில்லை. தனக்கு ஒன்றும் செய்யாதவளைப் பகைக்கக் காக்காய்க்கு என்ன பைத்தியமா?

அன்று மாலை சாயாக்கடையில், தோப்பும்படியிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒருவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இங்க ஏதோ வீட்டு மாடியில ஒருத்தி முகமூடி போட்டு மந்திரவாதம் பண்றாளாம். சூக்ஷிக்கணும் சேட்டா, ஜாக்கிரதையா இருக்கணும்."

"நீங்க அவளைப் பார்த்திருக்கேளா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பார்க்கணும்?" என்றார்.