கதவின் மேல் ஒரு விரல்

கத்தரீனாவுக்கு ஐம்பது வயது முடிந்தபோது மகள் ஜெனுஷா தாய்லாந்துக்கு ஒரு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஒரு சீட்டு. இத்தாலியின் பலெர்மோ நகரில் இருக்கிற மன்னார் ஆட்கள் லூர்துக்குப் போவார்கள், கலியாணவீடு என்றால் கனடாவுக்குப் போவார்கள், ஆவணித் திருவிழாவுக்கு ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போவார்கள். சும்மா ஊர் பார்க்கவென்று, அதுவும் பொம்பிளை தனியாக, ஒருவரும் எங்கேயும் போனதில்லை. கோயில் வாசலில் இதே கதைதான்.

"அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?" என்று அவளைப்போலவே வீட்டுவேலைக்குப் போகும் சறோஜா கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக தான் குடியிருக்கும் அல்பெர்கேரியாவின் சந்தை இரைச்சலில் கண்விழித்து, கடலோரக் கால்சாவுக்கு நடந்துபோய், ஒரு சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், பழைய மாளிகை வீட்டைத் துடைத்துவருகிறாள். சிஞ்ஞோரா கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஒரு பழக்கம் மட்டும் உண்டு. வேலை முடிந்ததும் கதவு நிலையின் மேல் விளிம்பில் விரலை ஓர் இழுப்பு இழுப்பாள், விரலைப் பார்ப்பாள், போய்விடுவாள். அந்த விரலுக்குப் பயந்து, அவள் வருமுன்னரே கத்தரீனா எல்லாக் கதவிலும் தன் விரலை ஓட்டிப் பார்த்துவிடுவாள். ஒரு கிழமையாவது தன்னை ஒருவரும் வேலைக்காரியாகப் பார்க்காத இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

பாங்கொக்கில் அந்த ஆசை முதல் மணித்தியாலத்திலேயே நிறைவேறியது. அறை ஆயத்தமாகும்வரை ஹோட்டல் வரவேற்பறையில் குளிர்ந்த தேசிக்காய்த் தண்ணீரோடு உட்கார்ந்து மகளோடு போனில் பாதித் தமிழும் பாதி இத்தாலியனுமாகக் கதைத்தாள். பலெர்மோ இத்தாலியன் காதில் பட, பக்கத்துக் கதிரையில் இருந்த கறுப்புக் கண்ணாடிப் பெண் துள்ளித் திரும்பினாள். அவள் மொண்டெல்லோக்காரி, பலெர்மோவின் பணக்காரக் கடற்கரைப் பக்கம்.

"நீங்களும் பலெர்மோவா? எந்தப் பக்கம் உங்கள் வீடு?"

"கால்சா," என்றாள் கத்தரீனா. கேட்ட கேள்விக்கெல்லாம் வீட்டைப் பற்றியும் அளந்தாள். கூரையில் சித்திரம், கடலைப் பார்த்த பல்கனி, படிகளுக்கு வெள்ளைப் பளிங்கு. ஒவ்வொன்றும் அவளே தூசி தட்டியது, ஒரு சொல்லும் பிசகில்லை. வீடு மட்டும் அவளுடையதில்லை. மொண்டெல்லோக்காரி அவளை 'நீங்கள், நீங்கள்' என்று விளித்தது தேசிக்காய்த் தண்ணீரைவிட இனித்தது.

மேலே போனபோது அறை துப்புரவாக்கும் பெண் கடைசித் துவாயை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். சட்டையில் நொய் என்று பெயர் குத்தியிருந்தது. கைகூப்பினாள். கத்தரீனாவும் தலையசைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நுழைந்த கையோடு, கை தன்பாட்டில் மேலே போய்க் கதவு நிலையைத் தடவிவிட்டது. விரலையும் பார்த்துவிட்டாள். சாம்பல் நிறமாய்த் தூசி இருந்தது.

நொய்யின் முகம் செத்துப்போயிற்று. அந்த முகத்தைக் கத்தரீனாவுக்கு உள்ளிருந்தே தெரியும். நொய் ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டுவந்து, ஏறி நின்று, துடைத்து, இறங்கி மறுபடி கைகூப்பினாள்.

"ஐயோ பிள்ளை, வேண்டாம்! நான் உங்கடை வேலையைச் சோதிச்சுப் பாக்கேல்லை, இது என்ரை பழக்கம்," என்று கத்தரீனா தமிழில் பதறினாள். ஒன்றும் விளங்காமல் நொய் அடுத்த கதவுக்கு முக்காலியை இழுத்தாள். பொறுக்க முடியாமல் கத்தரீனா அவள் கையிலிருந்த துணியைப் பறித்துத் தானே துடைக்கத் தொடங்கினாள். நொய்க்கு அது பாடம் படிப்பிப்பது போலத்தான் இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மேற்பார்வைக்காரி வாசலில் வந்து நின்றாள். அவள் மெல்லிய குரலில் ஏதோ சொல்ல, நொய் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

'கடவுளே, சிஞ்ஞோராவின்ரை விரல் எனக்கெல்லோ முளைச்சிருக்கு.' வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டிலில் இருக்கக்கூட மனம் வராமல் கீழே இறங்கினாள்.

வரவேற்பு மேசைப் பெண் ஆங்கிலத்தில் பணிவாக என்னவோ சொன்னாள். கத்தரீனாவுக்கு ஆங்கிலம் ஓடாது. மொண்டெல்லோக்காரி எழுந்துவந்து இத்தாலியனில் சொன்னாள். "உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணை நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார்களாம். நல்ல வேலை செய்தீர்கள். இவர்களுக்கு இடம் கொடுத்தால் தலையில் ஏறிவிடுவார்கள்."

சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். கால்சா மாளிகையும் அவளுடையதாகவே மிஞ்சியிருக்கும். ஒரு கணம் அப்படி நினைக்கவும் செய்தாள், அதுதான் பெரிய கேவலம்.

"அவள் பிழை செய்யவில்லை என்று சொல்லுங்கள்," என்றாள். "நானும் வீடு துப்புரவாக்குகிறவள். கதவைத் தடவுவது என் வேலைப் பழக்கம். கால்சா வீடு நான் துடைக்கிற வீடு."

மொண்டெல்லோக்காரி கண்ணாடியைக் கழற்றி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மேசைப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நொய் நாளைக்கும் வருவாள் என்று முடிவாகியது. கத்தரீனாவுக்கு மூச்சு வந்தது.

"அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே நீ," என்று மொண்டெல்லோக்காரி தோளில் தட்டினாள். 'நீங்கள்' அதற்குள் போயிருந்தது. "என் அக்கா ஒரு ஆளைத் தேடுகிறாள், சுத்தமாகச் செய்கிறவளாக. உனக்கு எந்த நாள் வசதி?"

"வியாழக்கிழமை பின்னேரம், சிஞ்ஞோரா," என்றது வாய். போன் நம்பரையும் பிழையில்லாமல் சொன்னது.

லிப்டுக்குள் ஏறிய பிறகுதான் உறைத்தது. இத்தனை கடல் தாண்டி வந்து, வந்த அன்றே, பலெர்மோவில் துடைக்க இன்னுமொரு வீடு பிடித்துவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நம்பரைச் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.